வலது காலுக்கு மட்டும் இறுக்கம்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஒரு நாளைக்கு அறுபது தடவை சைக்கிளில் ஏறி அறுபது தடவை இறங்க வேண்டும். இதை மனதில் வாங்கிக்கொண்டால்தான் நம் மீட்டர்காரர் பட்ட பாடு புரியும். ஏறும்போதெல்லாம் பேண்ட்டின் வலது காலை மடித்துக் கிளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் செயின் அதைக் கவ்விக்கொள்ளும். இறங்கியதும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கிறவர்கள் அவர் முகத்தை விட்டுவிட்டுக் கணுக்காலையே பார்ப்பார்கள். கழற்றிய கிளிப்பை மீட்டர் மூடிமேல் வைப்பார், அப்படியே மறந்துவிட்டு வருவார். பாதி ஊர் மீட்டர்களின் மேல் அவருடைய கிளிப் உட்கார்ந்திருந்தது.

அவருடைய கிளிப் என்று சொல்வதுகூடத் தப்பு. எல்லாம் அவர் மனைவி துணி காயப்போடுகிற கிளிப். கொடியில் ஒரு கிளிப்கூட இல்லாமல் தலையணை உறைகள் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்த அன்றைக்கு அந்த அம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். வலது கால் மட்டும் குழாய் மாதிரி ஒடுங்கி இருக்கும்படி ஒரு பேண்ட்டைத் தானே தைத்துவிடுவது.

ஆறு மாதமாக அவள் தையல் வகுப்புக்குப் போகிறாள். தைத்த சட்டையில் கை நுழையவில்லை, தைத்த உறையில் தலையணை நுழையவில்லை. உனக்குக் கை வரவில்லை என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தையல் மெஷினோ அக்காவுடையது. பேண்ட்டும் கோணிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமையே மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தையலையே தலைமுழுகிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

பழைய பேண்ட்டை மேஜைமேல் மல்லாக்கப் போட்டு அளவெடுத்தாள். அதைப் பார்த்துப் புதுப் பேண்ட்டில், தன் வலது கைப்பக்கம் வந்த காலை ஒடுக்கித் தைத்தாள். மல்லாந்து கிடக்கிற பேண்ட்டின் வலது கால் நமக்கு இடது பக்கம் வருமென்று பாவம், அவளுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை மீட்டர்காரர் அறைக்குள் போய்ப் போட்டுப் பார்த்தார். இடது கால் சிக்கென்று ஒட்டிக்கொண்டது. வலது கால் செயினுக்கு விருந்து வைக்கிற மாதிரி விரிந்து தொங்கியது. வெளியே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்தார். பிறகு பேண்ட்டைக் கழற்றி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டார். ஒடுங்கிய கால் ஒழுங்காக வலது காலுக்கு வந்துவிட்டது. ஜிப் முதுகுப் பக்கம் போய்விட்டது. சட்டையை வெளியே இழுத்துவிட்டு மறைத்தார்.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்மா."

"அளவெடுத்துத்தாங்க தைச்சேன்."

அவர் சைக்கிளில் ஏறிப் போகிறதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். செயின் சுற்றியது, துணி பக்கத்தில்கூடப் போகவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, அந்த மனுஷர் பேண்ட்டைத் தலையில் மாட்டச் சொன்னாலும் மாட்டியிருப்பார்.

அன்றிலிருந்து அவர் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. மீட்டர் பார்த்ததும் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்து வெளியேறுவார். என்ன ஒரு மரியாதை என்று ஊரே மெச்சியது. குனியும்போது ஜிப் தானாக இறங்கும், மீட்டர் நோட்டால் மூடிக்கொள்வார். சீட்டில் உட்கார்ந்தால் ஜிப் குத்தும், பல்லைக் கடித்துக்கொள்வார். மெஷின் வீட்டிலேயே இருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்து முணுமுணுவென்று பாடவும் ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த மாதம் இரண்டாவது பேண்ட் தயாரானது. இப்போது அவருக்குக் கை பழகிவிட்டதே, கண்ணாடிகூடப் பார்க்காமல் ஜிப்பைப் பின்னால் விட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டவில்லை, செயின் வலது காலைக் கவ்வியது. மனுஷர் சைக்கிளோடு சாய்ந்து பூந்தொட்டிகளுக்கு நடுவே விழுந்தார்.

அவள் ஓடி வரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். குனிந்து அவர் சட்டையைப் பின்பக்கம் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதையும் திருப்பிப் போட்டுட்டீங்களா?"

அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். எப்போதிருந்து தெரியும் என்று ஒருவழியாகக் கேட்டார். முதல் தடவை துவைத்துக் காயப்போட்டபோதே தெரியுமாம். முட்டி மடிந்து மடிந்து துணி உப்பியிருந்தது பின்பக்கத்தில். மனுஷனுக்கு முட்டி பின்னாலா இருக்கும் என்று யோசித்திருக்கிறாள். அதனால்தான் இந்தத் தடவை பார்த்துப் பார்த்துக் காலை மாற்றித் தைத்தாளாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னீங்களா?"

அவள் பெடலைப் பின்னால் சுற்றித் துணியை விடுவித்தாள். கிழிந்த இடத்தில் கருப்பு எண்ணெய் அப்பியிருந்தது. அவர் அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"மெஷினை அக்காகிட்ட குடுத்துடுவியா?"

"எதுக்கு? எனக்குத் தைக்கத் தெரிஞ்சிருச்சு. உங்களுக்குத்தான் இன்னும் போடத் தெரியல."