பெய்ய வேண்டாம் என்று கேட்ட மழை

அண்ணாமலையாரைச் சுற்றி வரும் அன்பர்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. என் பெயர் சரோஜா. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறு வருடத்துக்கு முன்னால், எண்பத்திரண்டாம் வருடம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் கிணற்றில் மண் சரிந்து என் வீட்டுக்காரர் ஏழுமலை உள்ளே மாட்டிக்கொண்டார். அவர் பிழைத்து வந்தது எப்படி என்று போகிற இடத்தில் எல்லாம் கேட்கிறார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தொன்றில் நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். அப்போது எங்கள் மண் இப்படி இல்லை. சித்திரை வெயிலில்கூடக் கொல்லை நிலத்தில் ஒரு சாண் தோண்டினால் விரலுக்குச் சில்லென்று இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது செடியைப் பிடித்து இழுத்தால் போதும், காய் கொத்தாக வரும். காயில் ஒட்டின மண் உதறினாலும் போகாது. அதைத் தட்டித் தட்டியே எங்களுக்குக் கை வலிக்கும்.

எந்த வருடத்தில் மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. பெய்தது. ஆனால் பெய்த மூன்றாம் நாள் மண் பொரிந்து கிடந்தது. மழையின் ஈரம் கீழே இறங்கி, அடிமண்ணில் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் விதைப்பார்கள். சேர்வதற்குக் கீழே ஈரம் இருந்தால்தானே? அரை அடிக்குக் கீழே வெறும் புழுதி. செடியைப் பிடுங்கினால் தழை கையோடு வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே நின்றது. களைக்கொத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாகக் கொத்தி எடுத்தோம். அதிலும் பாதி பருப்பில்லாத பொக்கு.

இந்த நேரத்தில்தான் எல்லாக் கிணற்றிலும் கரண்ட் மோட்டார் வந்தது. எங்கள் கிணற்றுக்கு நாலு வரப்பு தள்ளி, என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன் கோவிந்தன் மாமாவின் கிணறு. நாங்கள் வேட்டு வைத்து ஆழப்படுத்தினால் அவர்கள் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். அடுத்த கோடையில் அவர்கள் ஆழப்படுத்துவார்கள், எங்கள் மோட்டார் வெறும் காற்றை இழுக்கும். இப்படியே மாறி மாறி இரண்டு வீடும் பூமியைக் குடைந்தோம். சண்டை வந்தது. மாமாவின் மனைவி கன்னியம்மா அக்காவும் நானும் ஒன்றாக நாற்று நட்டவர்கள், ஒரே முறத்தில் கடலை உடைத்தவர்கள். மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் எதிரில் வந்தால் நான் காறித் துப்பியிருக்கிறேன். பொய் சொல்வானேன்.

சாமி கும்பிடுவதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. ஒன்பது வருடம், பௌர்ணமி தவறாமல் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் மலையைச் சுற்றினேன். அப்போது இப்படிக் கூட்டம் கிடையாது, பாதையில் முள்ளும் இருட்டும்தான். சுற்றும் வழியில் இருக்கிற வருண லிங்கத்துக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுபோய் ஊற்றுவேன். அந்த எண்பத்திரண்டு கோடையில் கிணற்றில் சேறுதான் மிச்சம். பஸ் ஸ்டாண்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு போனேன். "ஊர்த் தண்ணிய ஊத்தி ஏமாத்துறாளேன்னு நெனச்சிக்காத சாமி. எங்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனா? நீ குடுத்தாதானே எனக்கு இருக்கும்" என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஒன்பது வருடம் நான் கேட்டது மழை ஒன்றுதான். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

ஆடியில் ஒரு மழை விழுந்தது. ஊரே அவசரப்பட்டு மல்லாட்டை போட்டது. ஆவணியில் பூ உதிர்ந்து விழுது மண்ணில் இறங்கும் சமயம். அப்போது ஒரு மழை பெய்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் ஆட்டுக்குத் தழை. வானம் வெளுத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு ஆள் ஆழம் போனால் ஊற்று கிடைக்கும் என்று இரண்டு ஆள்களைச் சேர்த்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

எங்கள் கிணறு மேலே பத்து பன்னிரண்டு அடி வெறும் மண், அதற்குக் கீழே பாறை. முன்பெல்லாம் அந்த மண்சுவர் எப்போதும் கசிந்துகொண்டு, பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். வருடக்கணக்காகக் காய்ந்து அதில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. தட்டினால் கல் மாதிரி இருந்தது. இறுகிப்போச்சு, இனிமேல் பயமில்லை என்று நினைத்தோம். ஈரம்தான் அந்த மண்ணை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது என்பது பயிர் வைக்கிற எங்களுக்கே தெரியவில்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஆள்கள் இரண்டு பேரும் கூழ் குடிக்க மேலே ஏறினார்கள். உடைத்த கல்லை ஒதுக்கிவிட்டு வருகிறேன் என்று இவர் கீழேயே நின்றார். நான் கூழ்ப் பானையைத் திறக்கிறேன், தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப் போய் எட்டிப் பார்த்தால் கிணற்றில் ஒரே புழுதி. கிழக்குப் பக்க மண்சுவர் பாதி இல்லை. இவரைக் காணோம்.

புழுதி அடங்கின பிறகு உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பாறை முட்டு ஒன்றுக்கு அடியில் ஒண்டியிருந்ததால் தலை தப்பியது. மார்பு வரைக்கும் மண், அதற்குள் கால் மேல் ஒரு கல்.

முதலில் ஓடி வந்தது கோவிந்தன் மாமா. மூன்று வருடமாக எங்கள் வரப்பை மிதிக்காதவர், வந்ததும் சுவரைச் சுற்றிப் பார்த்தார். சரிந்தது போக மிச்ச மண் இவர் தலைக்கு நேர் மேலே வெடிப்போடு தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் கரையில நிக்காதீங்க, தள்ளுங்க. ஏழுமல உசுரோட கீறான். நான் மட்டும் எறங்குறேன்" என்றார்.

"நீங்க வேணாம் மாமா. பிள்ளகுட்டிக்காரரு" என்றேன்.

"அவன் மட்டும் இன்னா, சாமியாரா? கயித்தப் புடிங்கடா" என்று இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மண்வெட்டி போட்டால் அதிர்வில் மேலே இருப்பது விழும். அதனால் கையாலும் ஒரு அலுமினியத் தட்டாலும் மண்ணை வாரி வாரிக் கூடையில் போட்டார். ஊர் ஆள்கள் தூர நின்று சத்தமில்லாமல் இழுத்தார்கள். ஒருவர் சைக்கிளில் போய்த் தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டார். மணி மூன்றாகியும் இடுப்பு வரைக்கும்தான் மண் குறைந்திருந்தது.

அப்போதுதான் காற்று மாறியது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை தென்மேற்கில் தெரியும். அதன் பின்னாலிருந்து மேகம் எழுந்தது. சாதாரண மேகம் இல்லை. கன்னங்கரேல் என்று, மலை உச்சியே மறைகிற மாதிரி. மண்வாசனை வந்துவிட்டது. எத்தனை மாதமாக இதற்காக ஏங்கியிருப்போம்! கயிறு பிடித்த ஆள்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள், முகம் மலர்ந்தது. கிழவர் ஒருவர் பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார்.

அன்பர்களே, இங்கேதான் என் பாவத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் ஒரு கணம் எனக்கு வயிறு குளிர்ந்தது. பயிர் பிழைத்துக்கொள்ளும் என்று மனசு சொன்னது. என் புருஷன் மண்ணுக்குள் இருக்கிறார், நான் மல்லாட்டையை நினைத்தேன்.

கிணற்றுக்குள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "மேல தூறல் கீறல் விழுதா பாருங்கடா. நாலு துளி வெடிப்புல எறங்கினா போதும், மொத்தமும் எங்க ரெண்டு பேரு தலமேலதான்."

கரையில் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. மழை வேண்டாம் என்று நான் அல்லவா கதறியிருக்க வேண்டும்? வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை. ஒன்பது வருடம் மழை மழை என்று கேட்ட வாய், அதை மாற்றிச் சொல்லத் தெரியாமல் அடைத்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கன்னியம்மா அக்கா முன்னால் வந்தாள். தலையில் இருந்த மண் கூடையை இறக்கி வைத்தாள். அவர்கள் கொல்லை மூன்று ஏக்கரும் மல்லாட்டை. ஊரிலேயே நன்றாக முளைத்திருந்தது அவர்களுடையதுதான். மலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"அண்ணாமலையாரே, இன்னிக்கி வேணாம். ரெண்டு உசுரு உள்ள கீது. எங்க கொல்ல காஞ்சா காஞ்சிட்டுப் போவுது. வேற எங்கனா கொண்டும்போய் ஊத்து. இங்க வேணாம்ப்பா" என்று கத்தினாள்.

ஒருத்தர் பின் ஒருத்தராக ஊரே கை தூக்கியது. அத்தனை பேர் கொல்லையிலும் பயிர் வாடிக்கொண்டிருந்தது. வேணாம் சாமி, வேணாம் சாமி என்று மழையைப் பார்த்துக் கும்பிட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. அடுத்து ஒன்று. மூன்றாவது துளிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. காற்று திரும்பியது. மேகம் எங்கள் தலைக்கு மேலேயே வந்து, மேற்கொண்டு ஒரு சொட்டு இறக்காமல், வேட்டவலம் பக்கம் ஒதுங்கியது. அங்கே கொட்டித் தீர்த்ததாம். இடிச்சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பொழுது சாயும் நேரம் தீயணைப்பு ஆள்களும் சேர்ந்து இவரை மேலே தூக்கினார்கள். கடைசியாக மாமா ஏறி வந்தார், பத்து விரலிலும் நகம் இல்லை. இவருக்கு வலது கால் நொறுங்கியிருந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. கால் இருக்கிறது, மடங்காது. உயிர் கிடைத்தது.

அந்த மேகத்துக்குப் பிறகு அந்த வருடம் மழை இல்லை. ஐப்பசியும் ஏமாற்றியது. ஊர் முழுக்க மல்லாட்டைக் கொடி கருகி, அறுத்து மாட்டுக்குப் போட்டோம். மார்கழியில் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார்கள். மாமாவும் அக்காவும் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் ஓடிப் போய் அக்கா காலைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்களாலதானேக்கா உனுக்கு இந்தக் கெதி" என்று அழுதேன்.

"எந்திரிடி, ஜனங்க பாக்குறாங்க. மழ இன்னா ஒன் ஒருத்திக்காவா வருது, போவுது? ஏழுமலய ஜாஸ்தி நேரம் நிக்க உடாத, காலு வீங்கும்" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அவள் திரும்பி வரவில்லை. போன வருடம் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். மாமா வந்து சொன்ன அன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கிணற்றை ஒரு சாண்கூட ஆழப்படுத்தவில்லை. கிணற்றை நம்பி வைத்த நெல்லை விட்டோம். சாமையும் கேழ்வரகும் போடுகிறோம், விளைந்தால் விளையட்டும். மண்ணில் பழைய ஈரம் வரவில்லை, இனி வருமா என்றும் தெரியாது. மாமாவின் கொல்லையையும் நாங்களே உழுகிறோம். இவர் தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு மலை சுற்ற வருகிறார். சுற்றி முடிக்க ஒரு முழுப் பகல் ஆகிறது. உயிர்ப்பிச்சை கொடுத்த அப்பனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஊரில் எல்லோரும், சரோஜா ஒன்பது வருடம் சுற்றினாள், அந்தப் பலன் புருஷனைக் காப்பாற்றியது என்கிறார்கள். இத்தனை நாள் நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அது பொய். அன்றைக்கு என் வாயில் வார்த்தை வரவில்லை. நம்பிக் கேளுங்கள், அவருக்குக் காது உண்டு, அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். வருகிற பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் கன்னியம்மா என்று ஒரு தரம் பேரைச் சொல்லி நாலு அடி வையுங்கள். அவள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.