மெசின் திரும்பாத மூலை

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மலாய்க்கார நெல் விவசாயி பாக் டின் என் கடை முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஆச்சி, அறுப்பு மெசின் நேத்தே வந்துருச்சி. சூடா ஹாபிஸ் லா, எல்லாம் முடிஞ்சிருச்சி."

"என்ன ஹாபிஸ்? நான் கட்டி வெச்ச இடமுமா?"

"அதுவும் போச்சி."

ஜெராய் மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பட்டணம். பசாருக்குப் பின்பக்கம் போனால் கடல்வரைக்கும் நெல்தான். அந்தச் சந்தையில்தான் நான் பூ, வாழை இலை, காய்கறிக் கடை போட்டிருந்தேன். இப்போது மகள் பார்க்கிறாள். இத்தனை நெல் இருக்கிற ஊரில் பொங்கலுக்குக் கதிர் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்காது! மெசின் நெல்லை உருவிக்கொண்டு தாளைத் துண்டு துண்டாகத் துப்பிவிடும். அதனால் வருஷா வருஷம் பாக் டின் தன் வயலில் எனக்காக ஓர் ஓரத்தை விட்டுவைப்பார். அந்த வருஷம் மெசினுக்குப் புது டிரைவர் வருகிறான் என்று கேள்விப்பட்டு, நானே போய்க் கம்பு நட்டு, மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தேன். கெட்டிக்காரி என்று நினைப்பு.

கதிர் என் பொறுப்பு என்று மெர்போக், குருண் ஊர் வாடிக்கைக்காரர்கள் எல்லாரிடமும் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்களில் லெட்சுமிதான் கண்ணுக்குள் நின்றாள். எஸ்டேட் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் பிறந்து, குருணில் பேக்டரி வேலை செய்து, அப்போதுதான் சொந்த வீடு வாங்கியிருந்தாள். "வாசல்ல புதுக் கதிர் கட்டணும்க்கா. எங்கம்மா கடைசி வரைக்கும் கம்பெனி வீட்டு வாசல்லதான் கட்டுனாங்க. இது என் வாசல்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளிடம் எந்த முகத்தோடு இல்லை என்பேன்?

கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, பாக் டின் மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வயலில் புது டிரைவர் ரவி மெசின் நிழலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, மஞ்சத் துணி கட்டியிருந்தேனே, உன் கண்ணு எங்க போச்சி?"

"வயல்ல துணி கட்டுனா குருவி வெரட்டத்தானேக்கா? செவப்பு கட்டியிருந்தா நிப்பாட்டியிருப்பேன். அங்க சேறு, மெசின் எறங்கிரும்னு அர்த்தம்."

"தமிழ்ப் பிள்ளதானே நீ? குருவிக்கு யாராச்சும் மஞ்சத் துணி கட்டுவாங்களா?"

"எனக்கு ஊரு பாலிங்க்கா. எங்க பக்கம் ரப்பர் மரந்தான். நெல்லையே இங்க வந்துதான் பாத்தேன்!"

கோபமாகத்தான் போனேன். அவன் வாயில் சோற்றோடு முழித்த முழியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ரவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "அந்த வரப்பு மூலைல பாருங்க. மெசின் இவ்ளோ பெருசு, மூலைல திரும்பாது. எல்லா வயல்லயும் கொஞ்சம் நிக்கும்" என்றான்.

போய்ப் பார்த்தால், வரப்புகள் சேரும் இடத்தில் ஒரு கைப்பிடி கதிர் பொன்னாக நின்றது. அதை அறுக்க இப்போது யாரும் மெனக்கெடுவதில்லை, குருவிக்கும் கோழிக்கும் விட்டுவிடுகிறார்கள். இலை நறுக்கும் கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. நான் அறுத்தேன், ரவி கட்டினான். ஆனால் பாக் டின் வயலின் மூலைகளை எல்லாம் சேர்த்தும் ஓர் அணைப்புகூடத் தேறவில்லை. லெட்சுமிக்கு ஆகும், மற்றவர்களுக்கு?

பாக் டின் போனை எடுத்தார். நெல்லுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மலாயில் சத்தமாகப் பேசி அனுப்பினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஆச்சிக்குப் பெருநாள், மூலையில் நிற்கிற நெல்லை அறுத்துப் பசாருக்குக் கொண்டு வாருங்கள்.

மறுநாள் காலை நான் பூக்கூடையை இறக்குவதற்குள் முதல் மோட்டார் வந்தது. கூடையில் ஒரு கட்டுக் கதிர். பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் கதிரைத் தன் மழைக்கோட்டுக்குள் சுற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். மீன் கடைக்காரர்கூடக் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கத்திரிக்காய் வைக்க இடமில்லாமல் கடை முழுக்கக் கதிர்! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கும் இது தெரியும்.

லெட்சுமி வந்தாள். இருக்கிறதிலேயே நல்ல கட்டாகப் பொறுக்கிக் கொடுத்தேன். முகத்தோடு ஒட்டிவைத்து மோந்து பார்த்தவள், "இது யாரு வயலுக்கா?" என்று கேட்டாள்.

நான் மோட்டார் வரிசையைக் கையால் காட்டினேன். "இவங்க எல்லாரோடதும்."

அவள் அழுதுவிட்டாள். கதிரோடு வந்திருந்த பாக் டின் பதறிப்போய், கதிர் நன்றாக இல்லையா என்று என்னைக் கேட்டார்.

வியாபாரத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மஞ்சள் துணி சாமிக்குத் தெரியும். மெசினுக்குச் சிவப்புத் துணி கட்டு. அதுவும் தவறிப்போனால் கடைக்குள் உட்கார்ந்து அழாதே. யார் மோட்டாரிலாவது ஏறி வயலுக்குப் போ. ஒவ்வொரு வயலிலும் ஒரு மூலை உனக்காக நிற்கும்.