மச்சம் இடம் மாறிய மிஸ் அரபெல்லா

ஹாம்பர்க்கில் டால்குரூன் கல்லச்சுக்கூடத்தில் ஹின்ரிக் பிராமர் இருபத்திரண்டு வருஷமாகப் படம் வரைந்துகொண்டிருந்தான். வித்தைக் கொட்டகைகளுக்கான வண்ண போஸ்டர்கள்தான் அங்கே பிழைப்பு. வாள் விழுங்குகிறவர்கள், குட்டிக்கரணம் போடும் நாய்கள் என்று எத்தனையோ பேர் அவன் கையால் சுவரேறியிருக்கிறார்கள். கல்லில் எதையும் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும், அச்சாகும்போது நேராகிவிடும். எழுத்தைப் புரட்டி எழுதுவது அவனுக்குத் தூக்கத்திலும் வரும். முகத்துக்கு மட்டும் மேஜைமேல் கண்ணாடியை நிறுத்தி, அதற்குள் தெரியும் புகைப்படத்தைப் பார்த்து வரைவான். மனிதர்களோடும் கிட்டத்தட்ட அப்படித்தான். யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேச வராது, அத்தனை கூச்சம்.

1909 வசந்தத்தில் மிஸ் அரபெல்லா போஸ்டர் போட வந்தாள். லண்டன் பெயரெல்லாம் கொட்டகைக்கு; உண்மையில் பக்கத்து ஊரான அல்டோனாவில் ஒரு சலவைக்காரியின் மகள், மேட்டா லூர்ஸ். ஒற்றைச் சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டே, காலால் கோப்பைகளை எற்றித் தலைமேல் அடுக்குகிறவள். நாற்பதை நெருங்கியும் தனியாள்.

"எல்லாரும் என் மச்சத்த அழிச்சிட்டுத்தான் வரைவாங்க. நீங்க அத விட்டுடாதீங்க, என்ன?" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டி, தன் புகைப்படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதோடு போயிற்று ஹின்ரிக்கின் நிதானம். கண்ணாடி எதிரே இருக்க வேண்டிய புகைப்படம் அவனுடைய கோட்டுப் பைக்குள் குடியேறியது. எடுப்பான், பார்ப்பான், கண்ணாடியை மறந்து பார்த்தபடியே கல்லில் வரைவான். ஒப்பிட்டுப் பார்க்க மேஜையில் படமே இல்லாததால் மற்றவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்பது நிறம், ஒன்பது கல், மூவாயிரம் தாள் ஓடி முடிந்தது.

வாங்கிப்போக மேட்டா வந்த அன்று முதலாளி டால்குரூன் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தாளில் மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

"யோவ் பிராமர்! இந்தம்மா மச்சம் எந்தக் கன்னத்துலய்யா இருக்கு? போட்டோ எங்க?"

ஹின்ரிக் கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்தான். ஓரமெல்லாம் நைந்திருந்தது. மை தேய்க்கும் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா! இந்தம்மா வேணாம்னுட்டா மூவாயிரமும் அடுப்புக்கு. பிராமர், நீர் வீட்டுக்கு."

ஹின்ரிக் இதைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதன். மேட்டாவோ தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"எதுக்குங்க கத்துறீங்க? இதுதானே என் மூஞ்சி."

"மச்சம் அந்தப் பக்கம்மா!"

"இருக்கட்டுமே. தினம் நாலு மணி நேரம் கண்ணாடி முன்னால பழகறேன். எனக்குத் தெரிஞ்ச மேட்டா இவதான். இதுவரைக்கும் சுவத்துல ஒட்டினதெல்லாம் யாரோ ஒருத்தி."

"பாக்க வர்ற ஜனம் என்ன சொல்லும்?"

"ஜனம் என் காலப் பாக்க வருது. மூஞ்ச யாரு பாத்தா?"

"நான் பாத்தேங்க" என்றான் ஹின்ரிக். அவளை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னான்.

மேட்டாவின் முகம், மச்சம் உட்பட, சிவந்துபோயிற்று. ஹின்ரிக் புகைப்படத்தை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"பையிலயே இருக்கட்டும்" என்றாள். "சனிக்கிழமை கொட்டகைக்கு வந்துடுங்க. முன் வரிசைல உக்காருங்க."