நம்மாளுங்களுக்கு மட்டும் வராத சர்ட்டிபிக்கேட்

மலேசியாவில், தம்போய்த் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் ஒரே பழைய கணினி மொழியில் நிரல் எழுதிக் காலம் தள்ளியவள் நான். போன வருடம் புதிதாக வந்த மேலாளர், இனி எல்லாம் பைத்தானில்தான் என்றார். மாத இறுதிக்குள் தொழிலாளர்களின் பயிற்சிச் சான்றிதழ்களை அதில் தயாரித்துக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் ஸ்டோருக்கு மாற்றம். மிகவும் மரியாதையாகச் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்து மேசைச் சீனர் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். பைத்தான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இத்தனை வருட சர்வீஸில் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? முகம் தெரியாதவர்களிடம் கேட்டால் மானம் போகாது என்று, இணையத்தில் நிரலாளர்கள் கூடும் ஒரு தளத்தில் கேட்டேன்.

நிரல் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பைச் சேமிக்க வேண்டும். நாலைந்து வந்ததும், அப்படி ஓர் இடமே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். தொழிலாளர் பெயர்களை வெளியே விடக்கூடாது என்பதால் கேள்வியில் 'தொழிலாளி ஒன்று', 'தொழிலாளி இரண்டு' என்று மாற்றிப் போட்டேன். எனக்கு ஒழுங்காக ஓடுகிறதே என்றார் ஒருவர். கொஞ்சம் படித்துவிட்டு வந்து கேளுங்கள் என்றார் இன்னொருவர். யாரோ எங்கேயோ இருந்து சொன்னதற்கு எனக்கு இங்கே காது சூடேறியது.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை ஆடிட், சான்றிதழ்களைச் சரிபார்க்க வெளியாட்கள் வருவார்கள். புதனன்று, பிழை வந்தால் சத்தமில்லாமல் அடுத்த பெயருக்குப் போ என்று இரண்டு வரி சேர்த்தேன். நிரல் நிற்காமல் ஓடி முடிந்தது. எத்தனை சான்றிதழ் வந்தது என்று எண்ணவில்லை. எண்ணப் பயம், அதுதான் உண்மை. மேலாளர் பார்த்துவிட்டு "குட்" என்றார்.

வியாழன் காலை லைன் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். இங்கேயே ரெங்கம் ஊர்ப் பக்கத்துத் தமிழர், கோபத்தையும் மெதுவாகத்தான் சொல்வார்.

"அக்கா, மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாருக்கும் சர்ட்டிபிக்கேட் வந்திருச்சு. நம்மாளுங்க ஒருத்தருக்கும் வரல. அது இல்லாம நாளைக்கு மிஷின்ல நிக்க விடமாட்டாங்க. நம்மள வேலைய விட்டு நிப்பாட்டப் போறாங்களான்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"இல்ல தம்பி, அது என் தப்பு லா," என்றேன். என்ன தப்பு என்று எனக்கே தெரியாது.

பட்டியலைத் திறந்தேன். அவர் சொன்னது சரி. விடுபட்டவர்களில் நானும் இருந்தேன். எழுந்து பக்கத்து மேசைக்குப் போய், எனக்கு இது தெரியவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்று மலாயில் கேட்டேன்.

அவர் பெயர்களைப் பார்த்தார். ஏ/எல், ஏ/பி. இன்னார் மகன், இன்னார் மகள் என்று அடையாள அட்டையில் இங்கே நம்மாட்களுக்கு மட்டும் போடும் சாய்கோட்டைத் தொட்டுக் காட்டினார். கோப்பின் பெயரில் அந்தக் கோடு வந்தால், அதற்கு முன்னால் இருப்பதைக் கணினி ஒரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளுமாம். இல்லாத ஃபோல்டரைத் தேடித்தான் நின்றிருக்கிறது. பழைய நிரலில் எல்லாமே தொழிலாளர் எண்ணில் சேமித்ததால் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. நான் மறைத்துக் கேட்ட பெயர்களில்தான் பதில் இருந்திருக்கிறது.

கோப்புக்குத் தொழிலாளர் எண்ணையே பெயராக வைத்தோம். சான்றிதழுக்குள் அப்பா பெயரோடு முழுப் பெயரும் அப்படியே இருந்தது. மேலாளரிடம் போய், புதனன்று பிழையை மறைத்தது நான்தான் என்றேன். அவர், முதலில் சான்றிதழ்களைக் கொடுங்கள் என்றார். ஸ்டோர் பேச்சை எடுக்கவில்லை.

மதியம் நானே லைனுக்குக் கொண்டுபோனேன். என் வயதுள்ள ஒரு பெண் தன்னுடையதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அப்ப என்னைய நிப்பாட்டலியா?"

"இல்லம்மா."

அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காலையில் கொண்டுவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தார்.