சக்கரத்தடியில் எலுமிச்சை

ஸ்கைஹாக் விமானத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் புவனேசனின் வாயை அடைக்க யாராலும் முடியாது. லூனாஸ் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை. ஆகாயப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, குவாந்தான் முகாமில் அந்த விமானத்தோடு குடித்தனமே நடத்தியவர். போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து குண்டு சுமந்து பறக்க அமெரிக்காக்காரன் கட்டியது அது. கப்பலில் நிறுத்த இறக்கையை மடிக்கக்கூட வேண்டாம், அவ்வளவு சின்ன உடம்பு. அப்படிப்பட்ட கப்பலே இல்லாத நம் நாட்டுக்கு அது பழசாக வந்து சேர்ந்தது. கப்பலில் இறங்கும்போது கம்பியைப் பிடித்து நிற்கும் கொக்கிகூட வாலடியில் அப்படியே இருந்தது.

"நாலு பேரு தள்ளுனா நகரும்லா, அவ்வளவு லேசு" என்பார் பெருமையாக.

பழுது பார்த்த விமானம் முதல் தடவை கிளம்பும் நாளில் மனைவி மோகனா ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்புவாள். முன்சக்கரத்தடியில் யாருக்கும் தெரியாமல் வைப்பார். அதிகாரி பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார். பழம் நசுங்கி, விமானம் போய்த் திரும்பி, புருஷன் வீட்டுக்கு வந்து சொல்லும்வரை மோகனா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

விமானங்கள் ஓய்ந்துபோய் வெகு காலமாகிறது. ஒன்று மட்டும் ஜித்ராவில் அவர்கள் வீட்டருகே ஒரு திடலில், சக்கரங்களைச் சிமெண்டில் புதைத்து, காட்சிக்கு நிற்கிறது. மோகனாவின் ஞாபகமும் ஓயத் தொடங்கியிருந்தது. போன ஆயுத பூசைக்குப் புவனேசன் அவளை அங்கே கூட்டிப்போய் சக்கரத்தடியில் பழம் வைத்தார். அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாளே என்று இந்த மனுஷனும் பூரித்துப்போனார். அதுதான் வினையாயிற்று.

இன்று காலை அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு இட்லியை எடுக்க உள்ளே போனார். வந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. ஊசி போட்ட உடம்பு, வெறும் வயிறு. பாசார், கோவில், பஸ் நிலையம் என்று பைத்தியம் பிடித்தவர்போல ஓடினார். கடைசியில் பக்கத்து வீட்டுக் காஞ்சனா போன் செய்தாள்.

"அண்ணே, அக்கா பிளேன் கிட்ட உக்காந்திருக்குலா. கூப்பிட்டா வரமாட்டேங்குது."

மோகனா, சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்ட, வீட்டிலிருந்து எடுத்துவந்து வைத்த சக்கரத்தடிப் பழத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புவனேசன் பக்கத்தில் குந்தி, கையோடு கொண்டுவந்த இட்லியைப் பிட்டு நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு வராம நான் சாப்பிட்டதில்ல."

"நான்தாம்மா. புவனேசன்."

"நீங்க யாருண்ணே? பிளேனே இன்னும் கெளம்பல பாருங்க, பழம் அப்படியே இருக்கு."

கட்டின மனைவி வாயிலிருந்து 'அண்ணே'. அவருக்கு உயிரே போய்விட்டது. எழுந்து விமானத்தைத் தோள்கொடுத்துத் தள்ளினார். அழுதுகொண்டே தள்ளினார். சிமெண்ட் விடுமா? காஞ்சனா ஆம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், மோகனா கண்மூடிய நேரம் பார்த்து, பழத்தைக் குதிகாலால் நசுக்கினார்.

"பாரும்மா, பிளேன் போயிருச்சு. இப்பச் சாப்பிடு."

நசுங்கிய பழத்தைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. அவர் நீட்டிய இட்லியை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"அப்ப இனி பிளேன் எறங்குனதும் அவரு வந்துருவாரு. நீங்க பசியா இருந்தாச் சாப்பிடுங்கண்ணே. நான் அவரு வந்ததும் சாப்பிடறேன்."