தேதி போடாத உயிர்ச் சான்று

என் பீரோவின் மேல்தட்டில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் மூன்று தாள்கள் இருக்கின்றன. பிரெஞ்சில் அச்சடித்த படிவங்கள். அடியில் ஓர் அதிகாரியின் அவசரக் கையெழுத்து, அதன்மேல் ஊதா மையில் வட்ட முத்திரை. இன்ன பென்ஷன்காரர் இந்தத் தேதியில் என் முன்னால் நேரில் வந்தார், உயிரோடு இருக்கிறார் என்று சொல்லும் சான்று அது. பெயர் எழுதியிருக்கிறது. தேதி மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் என்னுடைய உயிருக்குச் சான்று கொடுக்கப் போய்வந்த பிறகு அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். அந்த முத்திரையைக் குத்தியவள் நான்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு எனக்கு இருபத்திரண்டு வயது. காரைக்காலை ஒட்டிய எங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தர் வேலை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த பிரெஞ்சு வாங்கிக் கொடுத்தது. அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். அடுத்த வீட்டில் சொல்தா மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் காலம் கழித்துப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பட்டாளத்தில் இருந்த மனிதருக்கு இவ்வளவு பயமா என்று தெருவே அவரைக் கேலி செய்யும். கோயிலுக்குப் போகும் வழியில் பாதியில் திரும்பி வந்து பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று வாங்க வரும்போது மட்டும் கோட்டும் பளபளக்கும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, அதிகாரியின் மேசை முன்னால் விறைப்பாக நிற்பார். "உயிரோடுதானே இருக்கீங்க?" என்று அதிகாரி சிரிப்பார். மாமா சிரிக்கவே மாட்டார். "இருக்கேங்க" என்பார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அத்தையின் உயிர் இருந்தது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். மாமாவின் பென்ஷன் புத்தகத்தைக் காட்டினால் மருந்து இலவசம். புத்தகத்தில் நடப்பு அரையாண்டுக்கு முத்திரை இருக்க வேண்டும். பிள்ளைகள் கிடையாது. மாமாவுக்கு அத்தை, அத்தைக்கு அந்தப் புத்தகம்.

பிரெஞ்சுக்காரர்கள் போகப்போகிறார்கள் என்பது உறுதியானபோது ஊரில் பட்டாசு வெடித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். டீக்கடையில் மட்டும் யாரோ விளையாட்டாக, துரைமாரோடு பென்ஷனும் கப்பலேறிவிடும் என்று சொல்லி வைக்க, மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மத்தியானம் அலுவலகத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து என் மேசைக்கு வந்தார். "கொடி மாறட்டும் புள்ள, நல்லதுதான். நான் உசுரோட இருக்கேன்னு இனிமே யாரு எழுதிக் குடுப்பா? அவன் எழுதுனா இவன் ஏத்துக்குவானா?" அது அப்போது யாருக்குமே தெரியாது. எங்கள் அதிகாரி வேலை மிச்சமாகட்டும் என்று வெற்றுப் படிவங்களில் கட்டாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து வைப்பது வழக்கம். அது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "நாலு தாளு போதும்மா. ரெண்டு வருசத்துக்கு ஓடும். அதுக்குள்ள ஒரு வழி பொறந்துரும்." வரப்போகும் நாட்களுக்கெல்லாம் இப்போதே உயிரோடு இருப்பதாக எழுதித் தரச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பென்ஷன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு தாளிலும் அவர் பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

கொடி மாறியது. பழைய அதிகாரி பிரான்சுக்குக் கப்பலேறினார். புதிய அதிகாரி வந்து உட்கார்ந்து புதிய முத்திரையில் உயிர்ச் சான்று கொடுத்தார். மற்ற சொல்தாக்கள் அதை வாங்கி அனுப்ப, பென்ஷன் தடையில்லாமல் வந்தது. மாமா மட்டும் அந்தப் புது முத்திரையை நம்பவில்லை. தன்னிடம் இருந்ததில் ஒரு தாளில் அவரே தேதியை எழுதி பாரிசுக்கு அனுப்பினார். என்றோ போய்விட்ட அதிகாரி, இல்லாமல் போன முத்திரை, கொடி மாறிய பிறகு வரும் தேதி. அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? இந்தத் தாள் எப்படி வந்தது என்று அலுவலகம் எழுத்தில் விளக்கம் தரும்வரை பென்ஷன் நிறுத்தம் என்று கடிதம் வந்தது. புத்தகத்தில் முத்திரை விழவில்லை.

கடிதத்தை மாமா முதலில் என்னிடம்தான் காட்டினார். "நீ ஒண்ணும் எழுத வேணாம். ஒன் வேலைக்கு ஆபத்து. நான் கண்டெடுத்தேன்னு சொல்லிக்கிறேன்" என்றார். அப்படியே புதிய அதிகாரியிடம் போய்ச் சொல்ல, அவர் நம்பாமல் திருப்பி அனுப்பினார். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய ஆட்களில் யாரை வைத்துக்கொள்வது, யாருடைய பழைய சர்வீஸைப் பென்ஷனுக்குக் கணக்கில் எடுப்பது என்று அப்போது பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. "இந்த வேல நெலச்சா போதும், கடைசி காலத்துல யார் கையையும் பாக்க வேணாம்" என்று அம்மா தினமும் சொல்லுவாள். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று பன்னிரண்டு நாள் போக்கினேன்.

ஆஸ்பத்திரி சிஸ்டர் தன் பொறுப்பில் சில நாள் ஊசி போட்டார். பிறகு அவராலும் முடியவில்லை. மாமா நாகப்பட்டினம் போய் ஒரு குப்பி வாங்கி வந்து, பக்கத்துத் தெரு கம்பவுண்டரிடம் பாதி பாதியாகப் போடச் சொல்லியிருக்கிறார். மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்ற பயம். அது எங்களில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அத்தையை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினார்கள். வலது கால் கட்டைவிரலில் இருந்த சின்னப் புண் கறுத்துப்போயிருந்தது. மறுநாள் காலை நான் விளக்கத்தை எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். "இனிமே இப்படிச் செய்யாதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பென்ஷன் திரும்ப வந்தது, ஊசியும் வந்தது. அத்தைக்கு வெட்டியெடுத்த இரண்டு கால்விரல்கள் வரவில்லை.

மாமா போன பிறகு மிச்சத் தாள்களை அத்தைதான் என்னிடம் கொடுத்தார். "அன்னிக்கி நீ எழுதலன்னா நான் ஏது, புள்ள" என்று சாகும்வரை சொன்னார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து சொல்வார். அந்தப் பன்னிரண்டு நாளை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இந்த நவம்பரில் வங்கியில் என் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை, ரேகை தேய்ந்துவிட்டதாம். "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது பாட்டி, மெஷினுக்குத் தெரியலையே" என்றாள் அங்கிருந்த பெண். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு எங்களைப் போலப் பென்ஷன் கிடையாது என்றும் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியில் போன மாதம் என் ரத்த அழுத்த மாத்திரை இல்லையென்று வெளியே எழுதிக் கொடுத்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மாமாவைப் போல விறைப்பாக நின்று, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். ஐந்தாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. அன்று வாயை மூடிக்கொண்டு நான் காப்பாற்ற நினைத்த பென்ஷன் இன்னும் ஒரு வருடத்துக்கு வரும்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து தாள்களை எடுத்தேன். மை இன்னும் மங்கவில்லை. தேதிக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது. அதில் எழுத என்னிடம் பன்னிரண்டு தேதிகள் இருக்கின்றன.