பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரரைப் பயந்த சுபாவம் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. வாசலில் அழைப்புமணி அடித்தால் நான் கதவைத் திறக்கப் போவேன். இவர் எழுந்து நின்று சட்டைப் பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார், யாரோ விசாரணைக்கு வந்துவிட்டதுபோல. வந்தவர் தண்ணீர்க் கேன் போடுகிறவராக இருப்பார். கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிப்போனது.

இவருக்கு நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை. சாட்சி கூண்டில் நின்று வாய்க்கு வந்தபடி சொல்வார். நீதிபதி அதைக் கேட்டு ஒழுங்கான வாக்கியமாக்கிச் சொல்வார். நீதிபதி சொன்னதை மட்டும் இவர் தட்டச்சு செய்வார். ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து, வலதுபக்க அடி மூலையில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போடுவார். இந்தப் பக்கத்துக்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பக்கம். அடி மூலைக்கு வந்தால் கை தானாகவே கையெழுத்துப் போட்டுவிடும், மூளையைக் கேட்காது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு தப்பு செய்தார். ஒரு பெண் சாட்சி சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதாள். நீதிபதி அதைச் சொல்லவில்லை. இவர் தன் கண்ணால் பார்த்தார் அல்லவா, ‘அழுதுகொண்டே’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். இதை யார் சொன்னது, யார் சேர்த்தது என்று ஒரே அமளி. இவரைச் சபை நடுவில் நிற்க வைத்து விசாரித்தார்கள். மெமோ வந்தது. வேலை போய்விடுமோ என்று ஆறு மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாராம். அதற்கப்புறம் இவர் சொந்தமாக ஒரு சொல் எழுதியதில்லை. பேசுவதும் அப்படித்தான் ஆகிவிட்டது. சினிமா பார்த்துவிட்டு வந்து “எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டால், “நீ என்ன நினைக்கிறே?” என்பார். எனக்கு அங்கேயே இரண்டு போடலாம்போல இருக்கும்.

இருபது வருஷம் இப்படியே ஓடியது. அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பட்டம் இல்லாத தட்டச்சர்கள் மூன்று வருஷத்துக்குள் பட்டம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். இவர் அஞ்சல்வழியில் சேர்ந்தார். மற்ற தாள்களை எல்லாம் மனப்பாடம் செய்து தாண்டிவிட்டார். இலக்கியத் தாள் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் போனால் நாற்பத்தாறு வயதில் இவருக்கு வேலை இல்லை. நான் வீட்டில் தையல் மெஷின் ஓட்டிப் பள்ளிச் சீருடை தைக்கிறேன். அதை நம்பி ஒரு குடும்பம் ஓடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பாடத்துக்கு ஒரு நாவல் வைத்திருந்தார்கள். ஒரு சிற்றூருக்கு மேலே ஓர் அணை. மழைக்காலத்தில் அது உடைந்து ஊர் மூழ்குகிறது. அவ்வளவுதான் கதை. கேள்வியும் ஒன்றேதான், வருஷா வருஷம் வார்த்தையை மாற்றி மாற்றிக் கேட்பார்கள்: கதாபாத்திரங்களின் வழியே நாவலின் மையக்கருத்து வெளிப்படும் விதத்தை விளக்குக. கைடு புத்தகத்தில் மையக்கருத்து ‘இயற்கையின் சீற்றம்’ என்று போட்டிருந்தது. இவர் அதைத்தான் இரண்டு தடவையும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பயிற்சிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். இவர் எழுதியதை நான் படித்துப் பார்த்தேன். காவலாளி இவ்வாறு கூறுகிறார், எழுத்தர் இவ்வாறு மறுக்கிறார், மேற்படி பெண் மேற்கண்டவாறு தெரிவிக்கிறார். அச்சு அசல் வாக்குமூலம். வகுப்பு ஆசிரியை கடைசியில் சிவப்பு மையில் ‘இதில் நீங்கள் எங்கே?’ என்று எழுதியிருந்தார். இந்த மனிதர் வெலவெலத்துப்போய் அவரிடம் ஓடியிருக்கிறார்.

“மேடம், நான் அன்னிக்கு வந்திருந்தேன். வருகைப் பதிவேட்டுல கையெழுத்துகூடப் போட்டிருக்கேன்.”

ஆசிரியை சிரிக்கவில்லை, பாவம். உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். “நாவல்ல யார் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும் சார். யாருமே சொல்லாததை நீங்க எழுதணும். அவங்க செய்யறதைப் பாருங்க. அதுலேருந்து நீங்க என்ன நினைக்கிறீங்க?”

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. “யாருமே சொல்லாததை எழுதச் சொல்றாங்க” என்றார். திருடச் சொன்னதுபோல இருந்தது அவர் குரல்.

அதற்கப்புறம் தினமும் காலையில் நான் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நாவலை வாசித்துக் காட்டினார். நான் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே கேட்பேன். ஓர் இடத்தில் ஒரு பெண் மழைக்கு முந்தின நாள் தன் வீட்டுத் துணிமணி, பாத்திரம், பெட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தம் என்று கேட்கிறாள். ஒட்டடை அடிக்கிறேன் என்கிறாள் இவள்.

நான் மெஷினை நிறுத்தினேன். “அட பாதகத்தி! அவளுக்கு அணை உடையப்போறது தெரிஞ்சிருக்குங்க.”

“அப்படி எங்கேயும் எழுதலையே.”

“எழுதணுமா? பின்ன எதுக்கு எல்லாத்தையும் மேல ஏத்தறா? முன்னாடி அந்த அணைக் காவலாளி அணைச் சுவத்துல தண்ணி கசியற சத்தம் கேட்டதும் ரேடியோவைக் கூட்டி வெச்சானே, அவனுக்கும் தெரியும். அணையில விரிசல்னு வந்த அறிக்கையை மேசையோட அடி டிராயர்ல போட்டுப் பூட்டினானே ஒரு எழுத்தர், அவனுக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சொல்லலை?”

“உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

இவர் புத்தகத்தை மூடிவிட்டார். பிறகு மிக மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ ஒட்டுக்கேட்பதுபோல, “பயம்” என்றார். “ஆனா நாவல்ல அந்த வார்த்தையே வரலை. கைடுலயும் இல்லை. நானா எழுதினா, யார் சொன்னதுன்னு கேட்பாங்க.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். அதற்கு இவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பரீட்சை அன்று நானும் கூடப் போனேன். அது ஒரு பள்ளிக்கூடம். வாயிலுக்கு எதிரே ஒரு பேருந்து நிழற்குடை. தைத்து முடித்த பாவாடைகளுக்கு ஓரம் அடிக்கலாம் என்று ஊசி நூலுடன் அங்கே உட்கார்ந்தேன். இவர் உள்ளே போகும்போது என் கையைத் தொட்டார். அவர் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து என் விரல்களும் அப்படித்தான் ஆயின. ஓரம் அடித்ததை மாலையில் பார்த்தேன், ஒரு தையலும் நேராக இல்லை.

உள்ளே நடந்ததை இவர் பிறகு சொன்னார். முதல் அரை மணி நேரம் ஒரு வரியும் எழுதவில்லையாம். பிறகு அந்தப் பெண்ணையும் பரணையும் பற்றி எழுதினாராம். எழுதியதும் மடமடவென்று வந்துவிட்டது. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் பதினொரு பக்கம் எழுதினார். பதினோராவது பக்கம் முடிந்து தாளைத் திருப்பும்போது வலதுபக்க அடி மூலை கண்ணில் பட்டது. அங்கே அவருடைய சுருக்கக் கையெழுத்து இருந்தது.

பத்தாவது பக்கத்தைப் பார்த்தார். இருந்தது. ஒன்பது, எட்டு, ஏழு. பதினொரு பக்கத்திலும் இருந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை.

விடைத்தாளின் முகப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கும்: உள்ளே பெயர், கையெழுத்து, வேறு அடையாளம் எதுவும் இருந்தால் தாள் செல்லாது. திருத்துகிறவருக்குத் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் மோசடி அது.

இவர் உள்ளங்கையால் மூலையை மூடிக்கொண்டார். கோடு போட்டு அடித்துவிடலாமா? அடித்தாலும் அது அடையாளம்தான். மூலைகளைக் கிழித்துவிடலாமா? பதினொரு மூலையையா? பேசாமல் கொடுத்துவிட்டுப் போய்விட்டால்? திருத்துகிறவர் கவனிக்காமலும் போகலாம். கண்காணிப்பாளர் அம்மா வரிசை வரிசையாக நடந்து வந்தார். இவர் பக்கத்தில் வந்து நின்றார். இவர் கையை எடுக்கவில்லை. அவர் தாண்டிப் போனார்.

“அப்பதான் அந்த எழுத்தரோட டிராயர் ஞாபகம் வந்துச்சு” என்றார் என்னிடம். “நானும் உள்ள போட்டுப் பூட்டிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.”

கையைத் தூக்கினார். கண்காணிப்பாளர் திரும்பி வந்தார். இவர் மூலையை மூடியிருந்த கையை எடுத்துக் காட்டினார். சொல்ல நினைத்தது எதுவும் வாயில் வரவில்லை. “இருபத்திரண்டு வருஷப் பழக்கம் மேடம்” என்பது மட்டும் வந்தது.

அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “இதை நான் மேல எழுதி அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் மேடம்.”

“சொல்லாம விட்டிருந்தா நானே கவனிச்சிருக்க மாட்டேன்.”

அந்த அம்மா இவர் எழுதிய தாளின் மேல் குறுக்காகக் கோடு போட்டுத் தன் கையில் எடுத்துக்கொண்டார். புதுத் தாள் ஒன்றை மேசையில் வைத்தார். “இதைப் பார்த்து எழுதவும் கூடாது. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு.”

வேறு யாராவது சொன்ன வாக்கியமாக இருந்தால் இவருக்குப் பதினொரு பக்கமும் மனதில் நின்றிருக்கும். நேற்றைய வாக்குமூலத்தை இன்றைக்கு அப்படியே ஒப்பிப்பார். தான் எழுதியதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லையாம். அதனால் மறுபடி முதலிலிருந்து யோசித்து எழுதினார். மூன்றரைப் பக்கம்தான் முடிந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எழுதினாராம், மூலைக்குப் போய்விடாமல் இருக்க. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். முதல் பத்தியை மட்டும் சொன்னார். அதை நான் அன்றைக்கே என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

‘காவலாளி வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறான். எழுத்தர் அறிக்கையைப் பூட்டி வைக்கிறார். ஒரு பெண் தன் பொருள்களை மட்டும் பரணில் ஏற்றுகிறாள். அணை உடையும் என்று மூவருக்கும் தெரியும். இந்த நாவலில் பயம் என்ற சொல்லை ஒருவரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.’

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள், இவர் வரவில்லை. கூட்டம் கலைந்து வாயிலில் ஒரு நாய் மட்டும் நின்றது. நான் பாவாடைகளை அள்ளிக்கொண்டு எழுந்தேன். என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன், அதை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் வந்தார். வேர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “போச்சா?” என்றேன். “தெரியலை” என்றார்.

இரண்டு மாதம் அந்தத் ‘தெரியலை’யோடு குடித்தனம் நடத்தினோம். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். நாற்பத்து மூன்று வந்தது. சான்றிதழ் வாங்கும் இடத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று இவர் மூன்று தடவை கேட்டு அந்தக் குமாஸ்தாவிடம் திட்டு வாங்கினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இனி இந்த வீட்டில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் சாப்பாட்டு டப்பா, திறக்காமல். உதட்டில் ரத்தமே இல்லை.

ஒரு திருட்டு வழக்காம். ஒரு வீட்டு டிரைவர் மேல் குற்றம். சமையற்காரம்மா சாட்சி. அந்த அம்மா, “டிரைவர் உள்ள வந்ததைப் பார்த்தேங்க. ஆனா அவர் வர்றதுக்கு முன்னாடியே பெட்டி திறந்துதான் கிடந்துச்சு” என்று சொல்லியிருக்கிறாள். உணவு இடைவேளை நெருங்கிக்கொண்டிருந்தது. நீதிபதி அவசரத்தில், “டிரைவர் உள்ளே வந்ததைப் பார்த்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். டிரைவரின் வக்கீல் தன் காகிதக் கட்டுக்குள் ஏதோ தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நான் கையை எடுத்துட்டேன்” என்றார் இவர்.

“எதுலேருந்து?”

“விசைப்பலகையிலேருந்து. ஐயா, சாட்சி இன்னொண்ணும் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கு அவர்?”

“நான் சொல்றதை டைப் பண்றதுதான் உங்க வேலைன்னார். அப்புறம் அந்தம்மாகிட்ட, அப்படிச் சொன்னீங்களான்னு கேட்டார். ஆமாங்கய்யான்னா. சேர்த்துக்கச் சொன்னார். சேர்த்தேன். சபை கலைஞ்சதும் இது வந்துச்சு.”

மெமோ. அனுமதியின்றிக் குறுக்கிட்டதற்கு மறுநாள் காலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அதற்கு மேல் எதுவும் வரவில்லை என்பது இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. பட்டம் வாங்கி எட்டு நாள் ஆகியிருந்தது.

என் துணி வெட்டும் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எனக்கும் பயம்தான், நான் என்ன பெரிய வீராங்கனையா? முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார். இரண்டே வரி. ‘சாட்சி கூறியதை நான் கேட்டேன். அது விடுபட்டதால் தெரிவித்தேன்.’

“பயமா இல்லையாங்க?”

“கை நடுங்கறது தெரியலையா?” என்றார். “பேனா எழுதலை. உன் பேனாவைக் கொடு.”

கொடுத்தேன். வலதுபக்க அடி மூலைக்குப் போனார். சுருக்கக் கையெழுத்தின் முதல் வளைவைப் போடப்போன கையை நிறுத்தினார். பிறகு கோணல்மாணலாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தையும் படிக்கும்படி, தன் முழுப் பெயரையும் எழுதினார்.